வாட்சன் தட்டிய தகடு

பாஸ்டனின் கவர்ன்மெண்ட் சென்டர் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் செங்கல் பாவிய பெரிய சதுக்கம். மாநகராட்சிக் கட்டடத்தைத் தாண்டி, ஜான் கென்னடி பெயரிலுள்ள மத்திய அரசு அலுவலகத்தின் முன்னால் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தொலைபேசி பிறந்த இடம் இது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பிறந்த கட்டடம் இப்போது இல்லை. 109, கோர்ட் தெரு என்ற அந்த முகவரியில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவரின் மின்கருவிப் பட்டறை இருந்தது. அதன் உச்சியிலிருந்த வெக்கை மிகுந்த பரண் அறைகளில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியாக, பட்டறையில் வேலை பார்த்த 21 வயது இளைஞர் தாமஸ் வாட்சன். 1960-களில் சுற்றுவட்டாரத் தெருக்களை எல்லாம் இடித்துத் தள்ளி அரசு அலுவலகங்கள் கட்டியபோது பழைய அடையாளங்கள் போய்விட்டன. கல் மட்டும் மிச்சம்.

கப்பல்களைப் பார்க்கக் கிளம்பியவன் இந்தக் கல்லிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஒரு வகைத் தொலைபேசி இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். பேட்டரி வேண்டாம். பேசுகிறவரின் குரலே அதை இயக்கும். கப்பல்காரர்கள் அதை ‘சவுண்ட்-பவர்டு போன்’ என்பார்கள். அந்தக் கருவியின் வேர் இந்தப் பரண் அறையில்தான் இருக்கிறது.

1875 ஜூன் 2 அன்று இங்கே நடந்ததை வாட்சன் பிற்காலத்தில் விரிவாகவே எழுதி வைத்தார். ஒரே கம்பியில் பல தந்திச் செய்திகளை அனுப்பும் முயற்சி அது. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு எஃகுத் தகடு. தகட்டின் கீழ் ஒரு மின்காந்தம். ஓர் அறையில் பெல், இன்னோர் அறையில் வாட்சன். வாட்சன் பக்கத்துத் தகடு ஒன்று அதிராமல் ஒட்டிக்கொண்டது. அவர் அதை விரலால் தட்டிவிட்டார். மறுமுனையில் தகட்டின் மேல் காதை வைத்திருந்த பெல்லுக்கு ‘டங்’ என்ற அந்த நாதம் அப்படியே கேட்டது. தந்தியின் டொக்கு டொக்குச் சத்தமாக இல்லை. தகட்டின் சொந்தக் குரலாகவே கேட்டது. பெல் ஓடிவந்து, எதையும் மாற்றாதே, என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். காந்தத்தின் மேல் அதிர்ந்த எஃகுத் தகடு தானே ஒரு மின்னோட்டத்தைப் பிறப்பித்துக் கம்பியில் ஏற்றி அனுப்பியிருந்தது.

1877-இல் விற்பனைக்கு வந்த பெல்லின் தொலைபேசிகளும் இதே வழியில் இயங்கியவைதான். நிரந்தரக் காந்தம், தகடு, கம்பிச்சுருள், அவ்வளவுதான், பேட்டரி கிடையாது. ஆனால் குரல் மெலிந்து கேட்டது. ஊர் விட்டு ஊர் பேச அது போதவில்லை. கரித்துகள் நிறைத்த பேசுகருவி வந்தது. அதில் குரல் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையைத்தான் செய்கிறது. அது உரக்கக் கேட்டதால் உலகம் முழுக்கப் பரவியது. பழைய முறை பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது.

அது திரும்பி வந்த இடம் போர்க்கப்பல்.

பாஸ்டனிலிருந்து ரெட் லைன் ரயிலில் தெற்கே போனால் குவின்சி. அமெரிக்காவுக்கு இரண்டு குடியரசுத் தலைவர்களைத் தந்த ஊர் என்ற பெருமை அதற்கு. ஊர் நடுவில் அவர்கள் அடக்கமான தேவாலயம் இருக்கிறது. நானும் மகளும் அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஃபோர் நதிக் கரைக்குப் போனோம். அங்கேதான் அந்தப் பழைய கப்பல் கட்டும் தளம். 1986-இல் மூடப்பட்டது. ஒரு துறையில் மட்டும் ‘சேலம்’ என்ற கனரகக் குரூசர் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. நம் ஊர் சேலம் அல்ல. பாஸ்டனுக்கு வடக்கே உள்ள துறைமுக நகரின் பெயர்.

இந்தத் தளத்தை நிறுவியவர் யார் என்று பலருக்குத் தெரிவதில்லை. தாமஸ் வாட்சன்! தகட்டைத் தட்டிய அதே வாட்சன். தொலைபேசி நிறுவனத்தில் கிடைத்த பங்குகளால் வசதியாகி 1881-இல் அவர் அங்கிருந்து விலகினார். கொஞ்ச காலம் பயணம், கொஞ்ச காலம் விவசாயம். பிறகு தன் நிலத்தில் ஒரு சிறு எந்திரப் பட்டறை போட்டார். பட்டறை படகு எந்திரம் செய்தது, படகு செய்தது, பிறகு கடற்படைக்கு டெஸ்ட்ராயர் செய்தது. இடம் போதாமல் 1900-ஐ ஒட்டிக் குவின்சிக்கு மாறியது. ஏழு பாய்மரங்களோடு கட்டப்பட்ட ஒரே ஸ்கூனர் கப்பலான ‘தாமஸ் டபிள்யூ. லாசன்’ 1902-இல் இங்கிருந்துதான் தண்ணீரில் இறங்கியது. பெரிய போர்க்கப்பல்களுக்கு எடுத்த ஒப்பந்தங்கள் பணத்தை விழுங்க, சில ஆண்டுகளில் வாட்சன் வெளியேறினார். தளம் 1913-இல் பெத்லஹேம் எஃகு நிறுவனத்தின் கைக்குப் போனது. வாட்சன் ஐம்பது வயதைக் கடந்த பின் நாடகத்தில் சேர்ந்து, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். நிலவியல் படித்தார். 1934-இல் காலமானார். இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்த மனிதரைப் பள்ளிப் புத்தகங்கள், ‘வாட்சன், இங்கே வா’ என்று பெல் கூப்பிட்ட உதவியாளர் என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அவர் பிறந்த ஊர் சேலம். அவர் நிறுவிய தளத்தில், அவர் பிறந்த ஊரின் பெயரோடு கட்டப்பட்ட கப்பலில் நாங்கள் ஏறினோம்.

‘சேலம்’ 1949 மே மாதம் படையில் சேர்ந்தது. போர் முடிந்து வந்த கப்பல் என்பதால் எதிரியை நோக்கி ஒரு குண்டும் சுட்டதில்லை. தானே குண்டு நிரப்பிக்கொள்ளும் 8 அங்குல பீரங்கிகள் ஒன்பது இருக்கின்றன. 1953-இல் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளில் நிலநடுக்கம் வந்தபோது உதவிக்குப் போனது. 1956-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் திரைப்படத்தில் ஜெர்மானியக் கப்பல் ‘கிராஃப் ஸ்பே’ ஆக நடித்தது. பத்தே ஆண்டுப் பணி. அதனாலோ என்னவோ, உள்ளே தேய்மானம் குறைவு.

பீரங்கியைவிட என் கண் தேடியது சுவர்களைத்தான். பிரிட்ஜிலிருந்து கீழே எந்திர அறை வரை எங்கே திரும்பினாலும் இரும்புச் சுவரில் உள்ளங்கை அளவுச் சிறு பெட்டிகள். முகத்தில் திருகு மூடி. மூடியைச் சங்கிலியால் பெட்டியோடு பிணைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் தொலைபேசி பிளக் செருகும் துளை. பக்கத்தில் பித்தளைத் தகட்டில் எழுத்துகள்: ஜேஏ, ஜேஎல், 2ஜேவி, 2ஜேஇசட். புரியாதவர்களுக்கு வெறும் குறியீடு. புரிந்தவர்களுக்குக் கப்பலின் நரம்பு மண்டலம் முழுதும் அதில் இருக்கிறது. ஜேஏ கேப்டனின் போர்க்கால இணைப்பு. ஜேஎல் கண்காணிப்பவர்களுடையது, மேலே நான்கு திசையிலும் தொலைநோக்கியோடு நிற்பவர்கள் பார்த்ததைச் சொல்வது அதில். 2ஜேவி எந்திர அறைகளுக்கு. 2ஜேஇசட் சேதக் கட்டுப்பாட்டுக்கு. எங்கே தீ, எங்கே தண்ணீர், எந்தக் கதவை அடைப்பது என்பதெல்லாம் அதில் ஓடும்.

அங்கே வழிகாட்டியாக இருந்த தன்னார்வலர் எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் டெஸ்ட்ராயரில் மாலுமியாக இருந்தவர். போன்களைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எல்லாரும் பீரங்கியைத்தான் கேட்பார்கள் என்றார். ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு ஹெட்செட்டுகளை எடுத்தார். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அவரே இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு கம்பி போட்டு வைத்திருந்தார்.

கையில் வாங்கினால் கனக்கிறது. காதுகளுக்கு இரண்டு கருப்பு உருண்டைகள், தலைக்கு மேல் ஒரு பட்டை. மார்பில் படிய ஒரு உலோகத் தகடு. அதைத் தாங்கக் கழுத்தைச் சுற்றித் துணிவார். தகட்டிலிருந்து ஒரு வளைந்த கை கிளம்பி வாய்க்கு நேரே பேசுகருவியை நிறுத்துகிறது. அதில் ஒரு பொத்தான். கைகள் இரண்டும் வேலை செய்ய விட்டு, வாயும் காதும் மட்டும் கம்பியோடு கட்டுண்டு கிடப்பதற்கான அமைப்பு. போரில் இதன்மேல் தலைக்கவசமும் வேண்டுமே என்று, காதுக் கருவிகளும் உள்ளே அடங்கும்படி பெரிய இரும்புத் தொப்பியையே அமெரிக்கக் கடற்படை தனியாகச் செய்தது.

மகளை மேலே நிறுத்திவிட்டு, செங்குத்தான ஏணிப்படியில் இரண்டு தளம் கீழே இறங்கினேன். மாட்டிக்கொண்டதும் முதலில் என்னைத் திகைக்க வைத்தது அந்த அமைதி. வீட்டுப் போனில் காதில் வைத்ததும் ஒரு இரைச்சல் இருக்குமே, அது இல்லை. கம்பியில் மின்சாரமே இல்லாதபோது இரைச்சல் எங்கிருந்து வரும்? அந்த வெறுமைக்குள் திடீரென்று மகளின் குரல்.

“அப்பா, கேக்குதா?”

சன்னமாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

“நல்லா கேக்குதும்மா. உனக்கு?”

“பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குப்பா. பேட்டரியே இல்லன்னு சொல்றாரு, நம்பவே முடியல.”

எங்கள் இருவரின் குரலைத் தவிர அந்தக் கம்பியில் வேறு சக்தி எதுவும் இல்லை. சாதாரணமாகப் பேசும்போது நம் வாயிலிருந்து வெளிப்படும் ஒலியின் திறன் ஒரு வாட்டில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான். அதிலும் ஒரு பகுதிதான் கம்பியில் ஏறும். அந்தத் துளியை வைத்துக்கொண்டு கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேச முடிகிறது, ஏன், சில மைல்கள்கூடப் பேச முடிகிறது என்பதை அறிவு ஒப்புக்கொண்டாலும், காதில் கேட்கும்வரை மனம் நம்புவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். குரல் மோதும் மெல்லிய தகட்டிலிருந்து ஒரு சிறு தண்டு உள்ளே போகிறது. அது வலுவான நிரந்தரக் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே நிற்கும் ஓர் இரும்பு நாக்கை அசைக்கிறது. நாக்கைச் சுற்றிச் செப்புக் கம்பிச்சுருள். நாக்கு அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவில் சக்கரம் செய்யும் வேலையை இங்கே குரல் செய்கிறது. மறுமுனையில் இதே கருவி தலைகீழாக வேலை செய்கிறது: சுருளில் வந்த மின்சாரம் நாக்கை அசைக்க, நாக்கு தகட்டை அசைக்க, தகடு பேசுகிறது. வாயில் இருப்பதும் காதில் இருப்பதும் ஒரே பொருள். பேசுகருவி உடைந்துபோனால் ஒரு பக்கத்துக் காதுக் கருவியைக் கழற்றி வாயருகே வைத்துப் பேசலாம், மறு காதால் கேட்கலாம். இதை மாலுமிகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள் என்றார் அந்தப் பெரியவர். பேசியும் காட்டினார்.

பெல்லின் காலத்தில் மெலிந்து கேட்ட குரல் இதில் எப்படித் தெளிவானது? இடைப்பட்ட அரை நூற்றாண்டில் வந்த புதிய காந்த உலோகங்களும் நுட்பமான வேலைப்பாடும்தான் காரணம். தத்துவம் வாட்சனின் தகட்டில் இருந்ததே. ஆர்.சி.ஏ., ஹோஸ்-மெக்கேன் போன்ற நிறுவனங்கள் இவற்றைக் கடற்படைக்குச் செய்து கொடுத்தன.

கப்பலில் இதற்கு முன் பேசுகுழாய்கள்தான். ஒரு முனையில் மூடியை எடுத்து ஊதினால் மறுமுனையில் விசில் அடிக்கும். பிறகு குழாய்க்குள் பேசுவார்கள். சிறிய கப்பலுக்கு அது போதும். பெரிய கப்பலில் தூரம் கூடக் கூடக் குரல் கரைந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் புகாத அறைகளாகக் கப்பலைப் பிரித்து வைத்துவிட்டு, அந்த அறைகளைத் துளைத்துக் குழாய் போட்டால், குரல் போகும் வழியில் புகையும் தண்ணீரும்கூடப் போகுமே. கரித்துகள் தொலைபேசிக்கு வேறு நோய். பீரங்கி அதிர்வில் துகள்கள் இறுகி ஊமையாகிவிடும். அதோடு எப்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும்.

மின்சாரம் எப்போது போகும்? எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது போகாது. குண்டு விழும்போதுதான் போகும். பேச்சு மிக அவசியமாகத் தேவைப்படும் நிமிடமும் அதுதான். 1942 நவம்பர் 14 இரவு குவாடல்கனால் தீவருகே ‘சவுத் டகோட்டா’ என்ற போர்க்கப்பலில் சண்டையின் நடுவே மின்சாரம் அற்றுப்போனது. ராடார் குருடானது, வானொலி ஊமையானது, பெரும்பாலான பீரங்கிகள் நின்றன. அந்தக் காலத்தின் மிக நவீனமான கப்பல்களில் ஒன்று அது. இப்படிப்பட்ட ஒரு நிமிடத்தை நினைத்துத்தான், மற்ற எல்லாவற்றிலும் புதுமையைத் தேடிய ஒரு கடற்படை, இந்த ஒன்றில் மட்டும் 1875-இன் தகட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. பொறியாளர்கள் எடுத்த முடிவுகளில் நான் மனமார மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

அடுத்து ஃபால் ரிவர். பாஸ்டனுக்குத் தெற்கே காரில் ஒரு மணி நேரம். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பருத்தித் துணி உற்பத்தியில் கொடிகட்டிப் பறந்த ஊர். கருங்கல்லில் கட்டிய ஆலைகள் மலைச்சரிவில் வரிசையாக நிற்கின்றன. தறிகள் இல்லை; கடைகளும் குடியிருப்புகளும் இருக்கின்றன. அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்களின் வாரிசுகள் இன்றும் ஊரில் பெருமளவு. அவர்களுடைய பேக்கரியில் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். டான்டன் ஆற்றின் மேல் பிராகா பாலம் உயரமாகப் போகிறது. அதன் காலடியில் ‘மாசசூசெட்ஸ்’.

இதுவும் குவின்சியில் கட்டிய கப்பல்தான். 1939 ஜூலையில் அடித்தளம், 1941 செப்டம்பரில் வெள்ளோட்டம், 1942 மே மாதம் படையில் சேர்க்கை. சற்று முன் சொன்ன ‘சவுத் டகோட்டா’வின் சகோதரக் கப்பல். 207 மீட்டர் நீளம், 16 அங்குல பீரங்கிகள் ஒன்பது, போர்க்காலத்தில் 2,300 பேர் வாழ்ந்த இடம். போருக்குப் பிறகு உடைப்புக்குப் போகவிருந்ததை முன்னாள் மாலுமிகளும், காசு சேர்த்துக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளும் மீட்டு, 1965-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

1942 நவம்பர் 8 காலை ஏழு மணி கடந்ததும், மொராக்கோவின் காசாபிளாங்கா துறைமுகத்திலிருந்த ‘ழான் பார்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு இது மோதியது. இடையே இருபது கிலோமீட்டருக்கும் மேலான கடல். ஒரு கவசத் துளைப்புக் குண்டின் எடை ஏறத்தாழ 1,225 கிலோ. அன்று ஒரு நாளில் சுமார் 800 குண்டுகள் சுட்டார்கள். இந்தக் கணக்குகளை அறிவிப்புப் பலகைகள் தாராளமாகச் சொல்கின்றன. நான் அங்கே நின்று யோசித்தது வேறு. கப்பலில் இருந்த அத்தனை பேரில் அந்தக் காலையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பிரிட்ஜில் சிலர், கண்காணிப்பு மேடைகளில் சிலர், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளில் சிலர். மற்ற பெரும்பாலோர் இரும்புக் கதவுகளை இறுக மூடிக்கொண்டு கீழே இருந்தார்கள். குண்டுக் கிடங்கில், பாய்லர் அறையில், கணக்கிடும் அறையில், சமையற்கட்டுப் பக்கம் அமைத்த முதலுதவி இடத்தில். நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும் ஒருவனுக்கு, கப்பல் குலுங்கும்போது அது நம் பீரங்கி சுட்டதா, நம்மேல் குண்டு விழுந்ததா என்பது எப்படித் தெரியும்?

ஒவ்வொரு அறையிலும் ஒரு ‘டாக்கர்’ இருந்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்பது மட்டுமே அவன் வேலை. பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். பிளக்கைச் செருகிய இடத்திலிருந்து கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவன் உலகம். மேலிருந்து வருவதை வார்த்தை மாறாமல் அறைக்குச் சொல்ல வேண்டும். அறை சொல்வதை வார்த்தை மாறாமல் மேலே சொல்ல வேண்டும். தன் அபிப்பிராயம் சேர்க்கக்கூடாது, தன் பயத்தைச் சேர்க்கக்கூடாது. மற்றவர்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கப்பலில் கேப்டனுக்கு அடுத்தபடி மனஉறுதி தேவைப்பட்ட வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். பதக்கப் பட்டியல்களில் இவர்களை அதிகம் காண முடிவதில்லை.

பேச்சுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. முதலில் யாரை அழைக்கிறோமோ அந்த இடம், அடுத்துப் பேசும் இடம், பிறகு செய்தி. கேட்டவன் தன் இடத்தின் பெயரைச் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். உதடு பேசுகருவியிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். உரக்கவும் நிதானமாகவும் பேச வேண்டும், குரல்தானே எரிபொருள். பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உன் அறையின் இரைச்சல் மொத்தமும் எல்லார் காதிலும் விழும். ஹெட்செட்டை ஒருபோதும் தரையில் வைக்கக்கூடாது. தரையின் அதிர்வை அது வாங்கிக் கம்பியில் ஏற்றிவிடும். பிளக்கை எடுத்ததும் மூடியைத் திருகிவிட வேண்டும். உப்புக்காற்று உள்ளே போனால் அடுத்தவனுக்குக் கேட்காது. ஒரே கம்பியில் பத்துப் பதினைந்து பேர் தொங்கிக்கொண்டிருந்ததால் இந்த ஒழுங்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒருவன் கவனக்குறைவாக இருந்தால் பத்து அறை செவிடாகும்.

யாரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்காத இடங்களில் கைப்பிடி ரிசீவர்கள் மாட்டியிருக்கும். அங்கே இருப்பவரை அழைக்க மணி வேண்டுமே, மணிக்கும் மின்சாரம் கூடாது. அதற்காகச் சுவரில் ஒரு சிறு கைச்சுழலி. நான்கு சுற்றுச் சுற்றினால் மறுமுனைப் பெட்டி உறுமும். அதற்கு ‘குரோலர்’ என்றே பெயர். கம்பியே அறுந்துபோனால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். தளத்துக்குத் தளம் செங்குத்தாக ஓடும் அவசரக் கம்பிகளும், உருளையில் சுற்றிவைத்த நீண்ட வடங்களும் உண்டு. சேதமான பகுதியைச் சுற்றிக்கொண்டு ஒருவன் வடத்தை இழுத்துக்கொண்டு ஓடி, அடுத்த துளையில் செருகினால் பேச்சு மீண்டும் உயிர்பெறும்.

பக்கத்திலேயே நிற்கும் ‘லயன்ஃபிஷ்’ நீர்மூழ்கிக்குள் இறங்கியபோது மகள் கொஞ்சம் தயங்கினாள். உருண்டைக் கதவுகளைக் காலைத் தூக்கி, தலையைக் குனிந்து தாண்ட வேண்டும். பிலடெல்ஃபியாவில் கட்டத் தொடங்கி, நியூ ஹாம்ப்ஷயர் எல்லையிலுள்ள போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் முடித்த கப்பல் இது. போர்ட்ஸ்மத் என்றதும் எனக்கு ‘ஸ்குவாலஸ்’ நினைவுக்கு வந்தது. அங்கே கட்டப்பட்ட நீர்மூழ்கி. 1939 மே 23 காலை, சோதனை முழுக்கு ஒன்றின்போது காற்றுக் குழாய் வழியே கடல் உள்ளே புகுந்து, ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் தீவுகளுக்கு அருகே ஏறக்குறைய 73 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. பின்பக்க அறைகளில் இருந்த 26 பேர் இறந்தார்கள். முன்பக்கம் 33 பேர் இருட்டிலும் குளிரிலும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் மேலே அனுப்பிய மிதவையில் ஒரு தொலைபேசி இருந்தது. நீர்மூழ்கி இங்கே மூழ்கிக் கிடக்கிறது, உள்ளே தொலைபேசி இருக்கிறது என்று மிதவையின் மேல் எழுதியிருந்தது.

தேடி வந்த ‘ஸ்கல்பின்’ என்ற நீர்மூழ்கி அந்த மிதவையைக் கண்டுபிடித்தது. அதன் கேப்டன் வில்கின் ரிசீவரை எடுத்தார். கடலடியிலிருந்து ஓர் அதிகாரி நிலைமையைச் சொன்னார். பிறகு ‘ஸ்குவாலஸ்’ கேப்டன் நாக்வின் பேச வந்தார். பேச்சு தொடங்கிய கணத்தில் ஒரு பேரலை ‘ஸ்கல்பி’னைத் தூக்கியது, வடம் அறுந்தது. ஆனால் அந்தச் சில வாக்கியங்கள் போதுமாக இருந்தன. ஆட்கள் உயிரோடிருக்கிறார்கள், எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பது மேலே தெரிந்துவிட்டது. மறுநாள் மணி வடிவ மீட்புக் கலத்தை இறக்கி 33 பேரையும் மேலே கொண்டுவந்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு கொடூரமான பின்பகுதி உண்டு. மீட்டெடுத்த ‘ஸ்குவாலஸ்’ ‘செயில்ஃபிஷ்’ என்ற புதுப்பெயரில் போருக்குப் போனது. 1943 டிசம்பரில் அது மூழ்கடித்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலில், சில நாள்களுக்கு முன் சிறைப்பட்ட ‘ஸ்கல்பின்’ மாலுமிகள் 21 பேர் இருந்தார்கள். ஒருவர்தான் பிழைத்தார். அந்த இரண்டு கப்பல்களுக்கு நடுவே அப்போது எந்தக் கம்பியும் இல்லை.

மகள் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக நிற்கும் டெஸ்ட்ராயருக்குப் போனோம். ‘ஜோசஃப் பி. கென்னடி ஜூனியர்’. போரில் இறந்த, கென்னடி குடும்பத்தின் மூத்த மகனின் பெயர். அவர் தம்பி ராபர்ட் 1946-இல் இதில் சாதாரண மாலுமியாக வேலை பார்த்தார். இதையும் கட்டியது குவின்சிதான். வாட்சனின் தளம் எங்களை விடுவதாக இல்லை. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியின்போது, சோவியத் வாடகையில் போன ‘மருக்லா’ என்ற சரக்குக் கப்பலை நிறுத்திச் சோதித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

டெஸ்ட்ராயர்கள் நடுக்கடலில் எண்ணெய் வாங்கும்போது இந்தத் தொலைபேசிக்கு இன்னொரு வேலை. எண்ணெய்க் கப்பலும் இதுவும் நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓட வேண்டும். இடையில் ஒரு கயிறு கட்டுவார்கள். அதில் இருபது அடிக்கு ஒன்றாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று சிறு கொடிகள். தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்தவுடன் தெரியும். அந்தக் கயிற்றோடு சேர்ந்து ஒரு சவுண்ட்-பவர்டு போன் கம்பியும் போகும். இரண்டு பிரிட்ஜுகளும் அதில் பேசிக்கொள்ளும். வானொலியில் பேசினால் எதிரி கேட்பான். இந்தக் கம்பியில் பேசுவது இரண்டு கப்பலைத் தாண்டி எங்கும் போகாது. இன்றைய அமெரிக்கக் கடற்படையிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. செயற்கைக்கோள் யுகத்திலும் மாலுமிகள் அந்த மார்புத் தகட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஊர் திரும்பும் முன் இன்னொரு முறை குவின்சிக்குப் போனேன். பெரியவரிடம் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இவ்வளவு காலம் கழித்தும் இந்தக் கருவிகள் ஏன் வேலை செய்கின்றன, எது முதலில் கெடும்?

காந்தம் கெடாது, சுருள் அநேகமாகக் கெடாது, தகடு அரிதாகத்தான் கெடும் என்றார். போவது ரப்பர். ஹெட்செட்டையும் சுவர்ப் பெட்டியையும் இணைக்கும் வடத்தின் ரப்பர் உறை வெடித்து, உள்ளே துணிப்பின்னல் மட்கிவிடுகிறது. பிளக்கும் கிடைப்பதில்லை. ஒரு பழைய வடத்தை வெட்டி இரண்டாக்கிச் சமாளிப்பதாகச் சொன்னார். மேல்தளத்திலிருந்து கீழே எந்திர அறை வரை ஒரு முழு இணைப்பையாவது பழைய கம்பியிலேயே உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் அவருக்குக் குஜராத் கடற்கரையிலுள்ள அலாங்கைப் பற்றிச் சொன்னேன். உலகத்தின் பழைய கப்பல்கள் உடைபட வரும் கரை அது. சரக்குக் கப்பல்களிலும், பிரிட்ஜிலிருந்து சுக்கான் எந்திர அறைக்குப் பேச இதே வகைத் தொலைபேசிகள் உண்டு. அவையும் அங்கே வந்து சேரும். அலாங்குக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் கப்பல் சாமான் கடைகள். கட்டில், கடிகாரம், சமையல் பாத்திரம், மிதவைச் சட்டை என்று எல்லாம் கிடைக்கும். மூலையில் குவித்த மின்சாமான்களுக்கு நடுவே கனமான கருப்பு ரிசீவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளக் அமெரிக்க அளவு இல்லாவிட்டாலும் வடம் பயன்படலாமே என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்தார். ஊரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். எழுதிவிட்டு, அவர்களிடம் கேட்கும்போது எத்தனை இழைக் கம்பி வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அடுத்த பக்கத்தில் படமாக வரைந்து, அளவுகள் குறித்து, தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். இருபது அடிக்குக் குறைந்தால் வேண்டாம் என்பதைக் கீழே அடிக்கோடு போட்டிருந்தார்.